அம்மாவுக்கு வசனம் விளங்கணும்: 43 இஞ்ச் டிவிக்கு எந்த சவுண்ட்பார்?

தக்கலைக்காரன் | திங்கள் இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல 43 இஞ்ச் டிவி, ஓணம் ஆஃபர்ல எடுத்தது. படத்தைக் குறை சொல்ல முடியாது, சத்தம்தான் தலைவலி. அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு. சீரியல் ஓடும்போ நிமிசத்துக்கொருக்க "அவ என்னடே சொல்லுகா?"ன்னு எனக்கிட்ட கேக்கா. வால்யூம் கூட்டினா பின்னணி இசை வந்து இடிக்கு. பக்கத்து வீட்டுக்காரரு சன்னலை அடைக்காரு. வசனம் அப்பவும் தெளியல்ல.

அதனால டிவிக்கு அடியில வைக்க நீளமான ஸ்பீக்கரு, சவுண்ட்பாரு, ஒண்ணு வாங்கணும். பட்ஜெட் 15,000. ரொம்ப நல்லதுன்னா 18,000 வரை போகலாம். ஹால் பழைய ஓட்டு வீட்டுக்க முன்பக்கம். சரிஞ்ச கூரை, அடியில மச்சு கிடையாது. தரை டைல்ஸ். டிவி இருக்கது சுவரோட கட்டின ஷோகேசுக்குள்ள. கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒண்ணு, ராத்திரி நான் ஓடிடியில படம் பாப்பேன்.

நாகர்கோவில் கடைகள்ல ஏறி இறங்கினேன். ஒரு கடையில 300 வாட்ஸ்ங்கான், அடுத்த கடையில 500 வாட்ஸ்ங்கான், ரெண்டுக்கும் விலை ஒண்ணுபோல. எதைப் பாத்து வாங்கணும்?

மார்த்தாண்டம் அட்மாஸ் | திங்கள் இரவு 9:40

அண்ணே, இன்னொரு பத்தாயிரம் சேத்துப் போடுங்க. 5.1.2 அட்மாஸ் எடுங்க. 5ன்னா நம்மைச் சுத்தி வாற சேனல், 1ன்னா அடிச்சத்தப் பெட்டி சப்வூஃபர், கடைசி 2ன்னா மேல பாத்த ஸ்பீக்கர், அதுக்க சத்தம் கூரையில பட்டு தலைக்கு மேல இருந்து இறங்கும். மழை சீன் வந்தா வீட்டுக்குள்ளயே மழை. வாங்குகதை ஒரே தடவையில வாங்கிரணும், இல்லேன்னா அடுத்த வருசம் திரும்ப செலவு.

முட்டம் அக்கா | திங்கள் இரவு 9:51

மழை கேக்க ஸ்பீக்கர் எதுக்கு மக்கா, ஆனி ஆடியில ஓட்டுக்கு அடியில உக்காந்தா போராதா. அவரு கேட்டது அம்மாவுக்கு வசனம்.

கருங்கல் மைக்செட் | திங்கள் இரவு 10:30

தம்பி, நான் மைக்செட் தொழில். கோயில் கொடை, சர்ச் திருநாள், கட்சிக் கூட்டம், கல்யாணம் எல்லாத்துக்கும் கட்டியாச்சு. அதுல இருந்து சொல்லுகேன்.

கூட்டத்துல பேசுகவருக்க பேச்சு தூரத்துக்குப் போகணும்னா நாங்க கட்டுகது குழாய். அதுல அடிச்சத்தம், அதான் பேஸ், ஒண்ணும் கிடையாது. ஆனா வயலுக்கு அக்கரையில நிக்கவனுக்கும் வார்த்தை விளங்கும். பேஸ் பாக்ஸ் இறக்குகது பாட்டுக்கச்சேரிக்கு. மனுசப் பேச்சு விளங்கத் தேவையான பங்கு பெரும்பாலும் 300ல இருந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள கெடக்கு. ஹெர்ட்ஸ்னா சுருதிக்க அளவு, எண்ணு கூடினா சுருதி ஏறும். பழைய லேண்ட்லைன் போன் 300 முதல் 3400 வரைதான் கடத்தும். அதுலயே பெண் பேசி முடிச்சு, சொத்துச் சண்டையும் போட்டோம்லா.

அதுக்குள்ளயும் ஒரு வகை இருக்கு. ஆ, ஓ மாதிரி உயிர்ச்சத்தம் கீழ்ப்பக்கம் பலமா வரும். க, ச, த, ப மாதிரி சத்தம் மேல்பக்கம் மெலிசா வரும். 'பல்'லா 'கல்'லான்னு காட்டித் தாறது அந்த மெலிசுதான். சப்வூஃபர் முழங்கும்போ முதல்ல முங்கிப் போறதும் அதுதான். அதனால "பேஸ் எப்படி?"ன்னு கேட்டு வாங்கினா உங்க அம்மாவுக்கு இப்ப இருக்கதை விட மோசமாத்தான் ஆகும்.

வாட்ஸ் கதை. வாட்ஸை இரட்டிச்சா கூடுகது 3 டெசிபல், டெசிபல்னா சத்தத்துக்க அளவு. காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதுக்கு பத்து மடங்கு வாட்ஸ் வேணும். ஆக 300க்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் ஹாலுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்ல. அதுவும் அந்த எண்ணு நெசமா இருந்தா. கடையில பெட்டியத் திறந்து அடாப்டருக்க லேபிளைப் பாருங்க. 19 வோல்ட், 2 ஆம்பியர்னு போட்டிருந்தா ரெண்டையும் பெருக்குங்க, 38 வாட்ஸ். நொடிநேரத்துக்கு அதுக்கு மேல தாவலாம், ஆனா நிக்க முடியாது. அட்டையில 300ன்னு அச்சடிக்க மையி மட்டும் போதும். பி.எம்.பி.ஓ.ன்னு (நொடிநேர உச்சக் கணக்கு) போட்டிருந்தா அந்தப் பெட்டியக் கீழ வச்சிருங்க. தொடர்ச்சியா தாங்குக வாட்ஸ், அதாவது ஆர்.எம்.எஸ்., எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.

நாகர்கோவில் 101 | செவ்வாய் காலை 6:20

காலை வணக்கம். மைக்செட் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சவுண்ட்பார் கடைக்குப் போவதற்கு முன் அம்மாவை ஒரு காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலும் இ.என்.டி. பிரிவு உண்டு. வயதானால் முதலில் குறைவது மேல்சுருதிச் சத்தம் கேட்கும் திறன்தான். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்பார்கள். சில நேரம் காதில் அழுக்கு அடைத்திருந்தாலே பாதி போய்விடும். எனக்கும் அதே வயதுதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

இன்னொன்று. இது உங்கள் டிவியின் தனிக்குறை அல்ல. முன்பெல்லாம் டயனோரா, சாலிடேர், கெல்ட்ரான் என்று பெட்டி டிவி இருந்ததே, திருவனந்தபுரம் தூர்தர்ஷனும் சில இரவுகளில் இலங்கை ரூபவாஹினியும் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே. அவற்றில் ஸ்பீக்கர் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. பின்னால் குழல் இருந்ததால் பெட்டிக்கு ஆழம் இருந்தது, ஸ்பீக்கருக்கு மூச்சுவிட இடம் இருந்தது. இன்று பலகை போல் மெலிந்த டிவியில் அதற்கு இடமில்லை. தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ சின்னதாக ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். படம் நேரே வருகிறது, சத்தம் ஷோகேசைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே முன்பக்கம் பார்த்த எந்த நல்ல ஸ்பீக்கரும் உங்களுக்கு முன்னேற்றம்தான்.

தக்கலைக்காரன் | செவ்வாய் காலை 8:05

நன்றி சார். இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். மைக்செட் அண்ணே, அப்போ சப்வூஃபரே வேண்டாமா? எனக்கு ராத்திரி படம் பாக்கும்போ கொஞ்சம் வேணும்.

கருங்கல் மைக்செட் | செவ்வாய் காலை 8:40

இருக்கட்டும். ஆனா தனியா கூட்டிக் குறைக்க ரிமோட்டுல பட்டன் இருக்கணும். அது இல்லாத மாடலைத் தொடவே செய்யாதீங்க. பகல்ல அம்மாவுக்குக் குறைச்சு வச்சிருங்க, ராத்திரி உங்களுக்கு ஏத்திக்கிடுங்க. மூலையில வைக்காதீங்க, ரெண்டு சுவரு சேருகிடத்துல வச்சா அடிச்சத்தம் தானா வீங்கும்.

மார்த்தாண்டம் அட்மாஸ் | செவ்வாய் காலை 9:15

எல்லாரும் என்னைய ஓட்டுகியோ. வசனம்னு பேசுகதுனால நான் கேக்கேன்: 2.1 பார்ல வசனத்துக்குன்னு எந்த ஸ்பீக்கர் இருக்கு? இடது ஒண்ணு, வலது ஒண்ணு, சப் ஒண்ணு. 5.1ல ஒலி சேத்த படத்துல வசனத்துல முக்கால்வாசிக்கு மேல நடு சேனல்ல இருக்கும். நடு ஸ்பீக்கர் இல்லாத பார்ல அந்த வசனத்தை ரெண்டாப் பிரிச்சு இடது வலதுல, இசைக்க கூடவே கலந்து விடும். நேர் நடுவுல இருக்கவனுக்கு சத்தம் நடுவுல இருந்து வாறதுபோல தோணும். ஓரத்துக் கசேரியில இருக்கவங்களுக்கு அதுவும் இல்ல.

அதனால அட்மாஸ் வேண்டாம்னா வேண்டாம், நடு சேனல் உள்ளதை எடுங்க. அட்டையில முதல் எண்ணு 3 அல்லது 5ன்னு இருக்கணும். 2ன்னு இருந்தா நடு கிடையாது. அதுல ரிமோட்டுல நடுவை மட்டும் கூட்ட முடிஞ்சா இன்னும் கொள்ளாம்.

கருங்கல் மைக்செட் | செவ்வாய் காலை 9:32

இது சொன்னியே, இது சரி. முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாம்லா. ஆனா அவருக்க அம்மா பாக்கது கேபிள் சீரியல். அது பெரும்பாலும் ஸ்டீரியோதான், இடது வலது ரெண்டே சேனல்தான் வருகு. நடு சேனலே இல்லாத சத்தத்துல நடு ஸ்பீக்கர் என்ன செய்யும்?

மார்த்தாண்டம் அட்மாஸ் | செவ்வாய் காலை 9:50

அங்கதான் பாருக்க வேலை. இடதுலயும் வலதுலயும் ஒண்ணுபோல இருக்க சத்தம் எதுவோ அதைப் பிரிச்சு நடுவுக்குத் தள்ளும். பேச்சு பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எல்லா சவுண்ட் மோடும் இதைச் செய்யாது. மோடை மாத்தி மாத்திக் கேக்கணும். ஸ்டாண்டர்ட்ல வராத வசனம் சில பார்ல வாய்ஸ் மோட், நியூஸ் மோடுல எழும்பி வரும். யமஹா அதுக்கு கிளியர் வாய்ஸ்னு பேரு வச்சிருக்கு, மத்த கம்பெனிக்காரங்க வேற வேற பேரு வச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள வேலை ஏறக்குறைய ஒண்ணுதான், பேச்சு இருக்க பகுதிய ஏத்தி அடிச்சத்தத்தை இறக்கும்.

பட்ஜெட்டுக்குள்ள பேரு சொல்லணும்னா சோனி HT-S20R. 5.1, பாருக்குள்ள நடு உண்டு. எல்லாம் வயர்தான், பின் ஸ்பீக்கர் ரெண்டும் சப்புல இருந்து வயர் இழுக்கணும். ஜேபிஎல், சாம்சங், எல்ஜியிலயும் தேடுங்க, மாடல் மாறிட்டே இருக்கும். எண்ணைப் பாத்து எடுங்க.

நாகர்கோவில் 101 | செவ்வாய் காலை 10:10

மார்த்தாண்டம் தம்பி, கூரை விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். மேலே பார்த்த ஸ்பீக்கர் கூரையில் பட்டுத் தெறித்து வர வேண்டுமென்றால் கூரை சமதளமாக இருக்க வேண்டும். அட்மாஸை உருவாக்கிய டால்பி கம்பெனியின் கணக்கில் ஏழரை அடியிலிருந்து 12 அடி உயரம் வரை நல்லது. சரிந்த ஓட்டுக்கூரையில் சத்தம் வேறெங்கோ போகும். தக்கலைக்காரரின் வீடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்து வீடு போலிருக்கிறது, அந்தக் கூரைக்கு 5.1.2வின் அந்த '2' தண்டம். தட்டடி, அதாவது சமதளக் கான்கிரீட் கூரை, போட்ட வீட்டுக்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். ஷோகேசுக்குள் வைத்தாலும் அதே கதிதான், மேல்தட்டு மறைத்துக்கொள்ளும்.

வெட்டூர்ணிமடம் சர்வீஸ் | செவ்வாய் மதியம் 1:25

சாப்பாட்டு நேரம், சுருக்கமா சொல்லுகேன். எனக்கிட்ட வருகதுல பாதி ரிப்பேரே இல்ல, இணைப்பு தப்பு.

டிவிக்குப் பின்னால எச்.டி.எம்.ஐ. ஓட்டை மூணு நாலு இருக்கும். அதுல ஒண்ணுலதான் ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி.ன்னு எழுதியிருக்கும். டிவிக்க சத்தத்தைப் பாருக்கு அனுப்புக ஓட்டை அது. அதுலதான் குத்தணும். பார் பக்கம் 'அவுட்'னு இருக்கதுல. 'இன்'ல குத்திட்டு சத்தம் வரல்லன்னு தூக்கிட்டு வாறாங்க. குத்தின பொறவு டிவி செட்டிங்ஸ்ல சி.இ.சி. ஆன் பண்ணணும். ஒரு ரிமோட்டுல ரெண்டையும் இயக்க வைக்கது அதுதான். அந்த சி.இ.சி.க்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரு வச்சிருக்கு. சாம்சங்ல எனிநெட்+, எல்ஜியில சிம்ப்ளிங்க், சோனியில பிராவியா சிங்க். எல்லாம் ஒண்ணுதான்.

எச்.டி.எம்.ஐ.க்குப் பதிலா, சத்தத்தை வெளிச்சமா கடத்துக ஆப்டிகல் ஒயரு உபயோகிச்சா ரெண்டு முனையிலயும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழத்தணும். சிரிக்காண்டாம், அதோட குத்திட்டு வந்தவங்க நெறைய பேரு.

புளூடூத்ல டிவியும் பாரும் இணைக்காதீங்க. உதடு முதல்ல அசையும், பேச்சு பொறவு வரும். காது கொஞ்சம் மந்தமானவங்க உதட்டைப் பாத்துத்தான் பாதி புரிஞ்சுக்கிடுவாங்க, அவங்களுக்கு இது பெரிய தொல்லை.

இனி முக்கியமானது. நம்ம மாவட்டத்துல சித்திரையில ஒரு இடி, ஐப்பசியில ஒரு இடி. இடி டிவிக்குள்ள வருகது கரண்டு வழியா மட்டும் இல்ல. கேபிள் ஒயரு, டிஷ் ஒயரு வழியாவும் வருகு. செட்டாப் பாக்ஸுக்கு, அங்க இருந்து எச்.டி.எம்.ஐ. வழியா டிவிக்கு, டிவியில இருந்து எச்.டி.எம்.ஐ. வழியா பாருக்கு. மூணும் சேந்து போயிரும். ஆப்டிகல்ல போறது வெறும் வெளிச்சம், உள்ள கம்பி கிடையாது. அந்த வழியா இடி பாருக்குப் போகாது. கேபிள் ஒயரால 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வருமே, அதுவும் ஆப்டிகல்ல வராது. என்னைக் கேட்டா ஆப்டிகல்தான் மாட்டச் சொல்லுவேன்.

முட்டம் அக்கா | செவ்வாய் மாலை 4:45

சர்வீஸ் அண்ணாச்சி, நீங்க சொல்லுகது சரிதான். ஆனா ஆப்டிகல் மாட்டினா டிவி ரிமோட்டுல பாருக்க வால்யூம் கூடுமா? எங்க வீட்டுல ஆப்டிகல்தான் இருந்து. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒண்ணு, பாருக்கு ஒண்ணு. எங்க மாமியாரு மூணையும் மடியில வச்சுக்கிட்டு எதை அமுக்கணும்னு தெரியாம கடைசியில டிவியவே ஆஃப் பண்ணிட்டு செவம் எழவுன்னு எழும்பிப் போயிருவாங்க. எச்.டி.எம்.ஐ. மாட்டின பொறவுதான் நிம்மதி. டிவி ஆன் ஆனா பாரும் ஆன், டிவி ரிமோட்டுலயே வால்யூம். வயசானவங்க தனியா இருக்க வீட்டுக்கு ரிமோட்டு எத்தனைங்கதுதான் முதல் கேள்வி. சத்தம் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆன் பண்ணத் தெரியல்லன்னா என்ன புண்ணியம்?

கடற்கரைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. உப்புக்காத்து. முன்பக்கம் இரும்பு வலை போட்ட பார் துருப்பிடிக்கும், துணி போட்டதை எடுங்க. பின்னால ஓட்டையெல்லாம் பச்சை பூக்கும். அப்பப்போ கழத்திக் குத்தணும். சன்னலுக்கு நேரா வைக்காதீங்க.

வெட்டூர்ணிமடம் சர்வீஸ் | செவ்வாய் இரவு 8:50

அக்கா சொல்லுகது நியாயம். சில பார் டிவி ரிமோட்டுக்க சிக்னலைப் படிச்சு வச்சுக்கிடும், எல்லாத்துலயும் அது இல்ல. அம்மா தனியா இருக்க வீடுன்னா எச்.டி.எம்.ஐ.யே மாட்டுங்க. ஆனா வானம் கறுத்தா பிளக்கோட சேத்து கேபிள் ஒயரையும் செட்டாப் பாக்ஸுல இருந்து உருவிரணும். சுவிட்ச் ஆஃப் பண்ணுகது மட்டும் போதாது. ஒயரு கைக்கு எட்டுக இடத்துல இருக்கணும். ஷோகேசுக்குப் பின்னால ஆணியடிச்சு வச்சா யாரும் உருவ மாட்டாங்க.

குலசேகரம் ரப்பர் | செவ்வாய் இரவு 9:30

எங்க வீடு ஷீட் கூரை. மழை விழுந்தா பக்கத்துல இருக்கவன் பேசுகதே கேக்காது, சவுண்ட்பாரு என்ன செய்யும்? சென்டர் சேனலும் கேக்காது, அதுக்க அப்பனும் கேக்காது. இந்தப் பக்கம் மழை வருசத்துல பாதி மாசம். வழி உண்டா?

மார்த்தாண்டம் அட்மாஸ் | செவ்வாய் இரவு 9:44

உங்களுக்கு ஹெட்போன்தான் அண்ணே. டிவிக்குன்னு வயர்லெஸ் ஹெட்போன் இருக்கு, சின்ன பெட்டியோட வரும், புளூடூத் மாதிரி பிந்தாது. காது மெஷின் வச்சவங்களுக்கு அந்த மெஷினுக்கே டிவி சத்தத்தை நேரா அனுப்புக பெட்டியும் உண்டு, ஆனா மாடலுக்கு மாடல் மாறும். வாங்குமுன்ன மெஷின் வாங்கின கடையில கேளுங்க.

தக்கலைக்காரன் | சனி மாலை 5:10

அம்மாவைக் காட்டினேன். காதுல அடைப்பு கொஞ்சம் இருந்து, எடுத்தாச்சு. அது போக மேல்சுருதி குறைவாத்தான் கேக்குன்னு டாக்டர் சொன்னாரு, 101 சார் சொன்னது அப்படியே. மெஷின் இப்ப வேண்டாம், பொறவு பாப்போம்னாரு.

நாளைக்கு கடைக்குப் போறேன். கடையில எப்படி கேட்டுப் பாக்கணும்? அவனுக ஒரு டெமோ வீடியோ போடுகானுவ, ஹெலிகாப்டர் பறக்கு, கண்ணாடி உடையுது, எல்லாமே நல்லாத்தான் கேக்கு. இன்னொண்ணு, ராத்திரி ஓடிடியில படம் பாக்கும்போ வசனம் கேபிளை விட இன்னும் மெதுவா வருகு. அது ஏன்?

கருங்கல் மைக்செட் | சனி மாலை 6:00

டெமோவை நிப்பாட்டச் சொல்லுங்க. செய்தி போடச் சொல்லுங்க. செய்தி வாசிக்கவரு பேசுகதை, வால்யூமை நல்லா குறைச்சு வச்சுக் கேளுங்க. எல்லா பெட்டியும் சத்தமா வச்சா நல்லாத்தான் இருக்கும். குறைச்சு வச்சும் வார்த்தை விளங்குகா, அதுதான் சோதனை. பொறவு ஒரு பட்டிமன்றம் போடுங்க. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசி, நடுவுல கைதட்டும் வந்தா பாருக்க குணம் தெரிஞ்சிரும். நேர் நடுவுல மட்டும் நிக்காம ஓரத்துல போயும் நின்னு கேளுங்க. அம்மாவையே கூட்டிட்டுப் போக முடிஞ்சா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், கேக்கப்போறது அவங்க காது.

போகுமுன்ன ரெண்டு அளவு எடுத்துக்கிடுங்க. 43 இஞ்ச் டிவி குறுக்க சுமார் 96 சென்டிமீட்டர் வரும். பார் அதை விட நீளமா இருந்தா ஷோகேசுக்குள்ள ஏறாது. டிவிக்க காலு எவ்வளவு உயரம்னு பாருங்க. பார் அதை விட உயரமா இருந்தா டிவிக்க அடியில இருக்க ரிமோட் கண்ணை மறைக்கும், அம்மா ரிமோட்டை ஆட்டி ஆட்டி கை வலிக்கும். பாரை ஷோகேஸ் தட்டுக்க முன்விளிம்புக்கு இழுத்து வைக்கணும். உள்ளுக்குள்ள தள்ளி வச்சா சத்தம் பெட்டிக்குள்ள கிடந்து குமுறும்.

மார்த்தாண்டம் அட்மாஸ் | சனி மாலை 6:35

ஓடிடி கேள்விக்கு நான் சொல்லுகேன். அது உங்க காதுக்க தோணல் இல்ல. நெட்ஃபிளிக்ஸ் தனக்குத் தாற படங்கள்ல வசனம் சராசரியா மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். அளவுல இருக்கணும்னு விதி வச்சிருக்கு. எல்.கே.எஃப்.எஸ்.னா சத்தத்தை அளக்குக அலகு. அது வேணும்னே தாழ்வா வச்ச அளவு. குண்டு வெடிக்கும்போ மேல போறதுக்கு இடம் விட்டு வச்சிருக்கு. தியேட்டர் மாதிரி சத்தமா வச்சா நல்லது, வீட்டுல ராத்திரி குறைச்சு வச்சா வசனம் தரையில கிடக்கும். பார்ல நைட் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அது வெடியை இறக்கி வசனத்தை ஏத்தும். அதைப் போடுங்க.

ஆப்ல ஆடியோ தேர்வுலயும் போய்ப் பாருங்க. தமிழ், தமிழ் 5.1னு ரெண்டு இருந்தா ரெண்டையும் கேட்டுப் பாருங்க. நடு சேனல் உள்ள பார்ல 5.1, டிவி ஸ்பீக்கர்லயோ 2.1லயோ வெறும் தமிழ், இதுதான் பொதுவா தெளிவா வரும்.

டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் அவுட்புட்டை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூன்னு (வந்த சத்தத்தை மாத்தாம பாருக்கு விடுகது) வைக்கணும். பி.சி.எம்.னு (டிவியே ஒலியைப் பிரிச்சு அனுப்புகது) கிடந்தா சாதாரண ஏ.ஆர்.சி.யில போறது ஸ்டீரியோ மட்டும்தான், 5.1 பார் வாங்கியும் வீண். பாஸ்த்ரூ போட்டு சத்தமே வரல்லன்னா அந்த ஒலி வகையை பாரால படிக்க முடியல்லன்னு அர்த்தம், ஆட்டோவுக்கு மாத்திருங்க.

முட்டம் அக்கா | சனி இரவு 7:20

தரை டைல்ஸ்னு சொன்னாருல்லா, அதை யாரும் பேசல்ல. டைல்ஸ், வெறும் சுவரு, பெரிய ஹால். சர்ச்சுக்குள்ள பேசினதுபோல எதிரொலிச்சு வார்த்தை கலங்கும். டிவிக்கும் கசேரிக்கும் நடுவுல கனமா ஒரு விரிப்பு, சன்னலுக்கு தடிச்ச திரை. செலவு கம்மி, பலன் நல்லா தெரியும். எங்க வீட்டுல கால்பந்து சீசன் வந்தா ஆளுக வந்து நெறஞ்சிரும், அப்போ சத்தம் தானாவே தெளிஞ்சு கேக்கும். மனுசரும் துணியும்தான் சத்தத்தைக் குடிக்கும்.

தக்கலைக்காரன் | ஞாயிறு இரவு 8:30

வாங்கியாச்சு. அம்மாவும் வந்தா. கடைக்காரன் ஹெலிகாப்டரைத் தொடங்கினான், அம்மா "இந்த எளவை நிறுத்து, செய்தி போடு"ன்னுட்டா. மூணு மாடல் கேட்டோம். அதுல ஒண்ணு பெரிய சப்போட 2.1, கடைக்காரன் அதைத்தான் தள்ளினான். அம்மா நின்ன ஓரத்துல இருந்து அது சரியாவே விளங்கல்ல. எடுத்தது 5.1, பாருக்குள்ள நடு ஸ்பீக்கர் இருக்கு, பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேல. எச்.டி.எம்.ஐ.தான் மாட்டினேன். கேபிள் ஒயரை ஷோகேசுக்க பக்கவாட்டுல வெளிய இழுத்து விட்டாச்சு, அம்மாவுக்கு உருவக் காட்டிக் குடுத்தேன். பகல்ல வாய்ஸ் மோட், சப் ஏறக்குறைய பூச்சியம். முன்ன டிவியில 40ல வச்ச இடத்துல இப்ப பார்ல 14. அந்த எண்ணும் இந்த எண்ணும் ஒண்ணில்லன்னு தெரியும். ஆனா பக்கத்து வீட்டு சன்னல் திறந்துதான் கிடக்கு.

பின் ஸ்பீக்கர் இன்னும் பெட்டிக்குள்ளதான். வயர் இழுத்தா அம்மா கால் தட்டும். அதை மாட்டாம விட்டா வசனம் குறையுமா?

மார்த்தாண்டம் அட்மாஸ் | ஞாயிறு இரவு 8:48

வசனம் குறையாது, அது நடுவுலதான் இருக்கு. ஆனா 5.1 படத்துல பின்னால வரவேண்டிய சத்தம் போயிரும், பாருக்கு அது மாட்டல்லன்னு தெரியாது. சுவரோரமா கேசிங் போட்டு வயரை மேல கொண்டு போங்க, எலக்ட்ரீசியன் அரை நாளையில முடிச்சிருவாரு. வாங்கின சாமானை பெட்டியில வைக்கது எனக்கு மனசு கேக்கல்ல அண்ணே.

கோட்டாறு புதுசு | ஞாயிறு இரவு 9:35

இழை முழுசும் வாசிச்சேன். எனக்கு ஒரே ஒரு பிரச்சினை. ஏ.ஆர்.சி. மாட்டியாச்சு, டிவி ஆப்ல சத்தம் பார்ல வருகு. செட்டாப் பாக்ஸுக்கு மாத்தினா உதடும் பேச்சும் சேரல்ல. படம் முந்துகு, சத்தம் பிந்துகு.

வெட்டூர்ணிமடம் சர்வீஸ் | ஞாயிறு இரவு 10:05

பார் மெனுவுல ஏ.வி. சிங்க்னு இருக்கும். அதைக் கூட்டாதீங்க, அது சத்தத்தை இன்னும் பிந்த வைக்கும். பூச்சியத்துக்குக் கொண்டு வாங்க. அதுக்குப் பொறவும் பிந்தினா செட்டாப் பாக்ஸ் மெனுவுல ஆடியோவை டால்பியில இருந்து ஸ்டீரியோ அல்லது பி.சி.எம்.முக்கு மாத்துங்க. அதுலயும் மாறல்லன்னா பாக்ஸை டிவியில குத்தாம பாருக்க எச்.டி.எம்.ஐ. 'இன்'ல குத்திப் பாருங்க, உங்க மாடல்ல அந்த ஓட்டை இருந்தா. எந்த மாடல்னு எழுதுங்க, நாளைக்கு கடை திறந்த பொறவு பாத்துச் சொல்லுகேன்.